ஐயத்திற்கும் துணிவிற்கும் இடையே

அகப்பொருள் இலக்கணம் பயின்ற மாணவர் காட்சி, ஐயம், துணிவு என்னும் மூன்று துறைகளை நன்கறிவர். பொழிலிடத்தே தமியளாய் நின்ற தலைவியைத் தலைவன் காண்கின்றான், அது காட்சி. இவள் வானவர் மகளோ, மானிட மகளோ என மயங்குகின்றான், அஃது ஐயம். அணிந்த மாலை வாடுதலையும், கண் இமைத்தலையும், அடி நிலத்தே தோய்தலையும் அடையாளமாகக் கொண்டு மானிட மகளே எனத் தெளிகின்றான், அது துணிவு. இலக்கியத்திலே ஐயத்திற்கும் துணிவிற்கும் இடையே கழியும் பொழுது இன்பந் தருவது. புலவன் அதனை நீட்டிக்குந்தோறும் சுவை மிகும். மருத்துவமனையிலோ அவ்விடைப்பொழுதே உயிரைக் கொள்ளை கொள்வதாய் அமைந்துவிடுகின்றது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே மருத்துவனுக்கு வகுத்த முறையை ஆராய்ந்தால் இவ்வுண்மை விளங்கும். நோய் இன்னதென்று தெளிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியைத் தேர்தல், அவ்வழி பிழையாது செய்தல் என அவர் வரிசைப்படுத்துவார். அம்மட்டோடு அமையாது, நோயாளியின் இயல்பையும் நோயின் வன்மையையும் எண்ணச் சொன்னவர், காலத்தையும் உடன் எண்ணுக என்றார். காலம் என்பதற்கு உரைகாரர் பலவாறு பொருள் விரிப்பர். குருதியிலே நோய்க்கிருமி புகுந்து பெருகிய ஒருவனுக்கோ காலம் என்பதன் பொருள் ஒன்றுதான்: இன்னும் எத்தனை மணி நேரம் என்பதே அது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதும். அவ்வெடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் வயல் வரம்பிலேயே அது கிடக்கின்றது.

மகாவலி கங்கையின் கிளைகள் கொட்டியாரக் குடாவை அடையும் இந்நிலப்பரப்பிலே கிளிவெட்டி, மேன்காமம், கங்குவேலி, மல்லிகைத்தீவு முதலிய ஊர்கள் நெல்லை நம்பி வாழ்வன. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் பெரும்போக வேளாண்மைக்காக ஆடவரும் பெண்டிரும் முழங்கால் அளவு சேற்றில் இறங்குவர். காலிலே முள் தைத்த புண்ணோ, மண்வெட்டி பட்ட கீறலோ இல்லாத உழவர் அரியர். அப்பருவத்திலேயே காய்ச்சலும் வரும். எலிக்காய்ச்சல், டெங்கு, நெருப்புக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என அதற்குப் பெயர் பல. 1660ஆம் ஆண்டு கொட்டியாரத்திலே கண்டியரசன் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், தம் தந்தையார் மறு ஆண்டே காய்ச்சலால் நலிந்து இறந்ததை எழுதிவைத்துள்ளார். அக்காலத்தில் 'காய்ச்சல்' என்னும் ஒரு சொல்லே நோய்கள் பலவற்றிற்கும் போர்வையாயிருந்தது. இக்காலத்தும் அப்போர்வை முற்றும் விலகிற்று என்று சொல்வதற்கில்லை.

அப்போர்வையினுள் நெடுங்காலம் மறைந்திருந்த நோயொன்று உண்டு. மெலியோய்டோசிஸ் என்பது அதன் பெயர். சேற்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாக வாழும் ஒரு வகைப் பக்டீரியாவே இதற்குக் காரணம். புண் வழியாகவும், மூச்சின் வழியாகவும், காய்ச்சாத நீரின் வழியாகவும் அஃது உடம்பினுள்ளே புகும். நல்ல உடல் வன்மை உடையாரைப் பெரும்பாலும் அது வருத்துவதில்லை. நீரிழிவு உடையாரே அதற்கு முதல் இரை. சிறுநீரக நோயாளரும் மதுவால் ஈரல் கெட்டவரும் அவர்க்கு அடுத்த வரிசையினர். நுரையீரலிற் சளிக்காய்ச்சல் போலவும், ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியாகவும், சிலரிடத்துக் காசநோய் போலவும் பல வேடம் புனைந்து அது தோன்றும். நோயுற்றாருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கிருமி குருதியிலேயே கலந்துவிடுகின்றது.

இந்நோயைக் கண்டறிந்த வரலாற்றிலே நம்மவர் ஒருவர் பெயரும் உண்டென்பது மகிழ்ச்சி தருவது. 1911ஆம் ஆண்டளவில் றங்கூன் நகர மருத்துவமனையிலே அல்பிறெட் விற்மோர் என்னும் ஆங்கில மருத்துவரும், சி. எஸ். கிருஷ்ணசுவாமி என்னும் துணை மருத்துவரும், அபினிச் சத்தாகிய மோர்பியாவுக்கு அடிமைப்பட்டு இறந்த ஏழை மக்களின் உடல்களை ஆராய்ந்தபோது, குதிரைகளைப் பற்றும் ஒரு கொடுநோயை ஒத்ததும் அதனின் வேறானதுமாகிய கிருமியொன்றைக் கண்டனர். இருவரும் சேர்ந்து 1912இல் அதனை வெளியிட்டனர். கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஸ்ரான்ரன், பிளெச்சர் என்போர் 1921இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு நோய்க்குப் பெயர் சூட்டினர்.

இலங்கையிலே இந்நோய் முதன்முதற் பதிவானது 1927இல். கொழும்பில் வாழ்ந்த ஐரோப்பியத் தேயிலைத் தரகர் ஒருவரே அந்நோயாளி. அதன்பின் 2005ஆம் ஆண்டுவரை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே பதிவாயினர். அவருள்ளும் பலர் இங்கு வந்து மீண்ட வெளிநாட்டார். ஆகவே இலங்கையில் இந்நோய் அரிதினும் அரிது என்றே பலரும் கருதினர். 2006 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எனோகா கொரயா, பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வசந்தி தேவநேசன் முதலிய நுண்ணுயிரியல் அறிஞர், ஆய்வுகூடங்களுக்கு இக்கிருமியின் அடையாளங்களைக் கற்பித்துத் தேடத் தொடங்கினர். 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஒன்பது மாகாணங்களிலுமாக ஏறத்தாழ 250 பேர் கண்டறியப்பட்டனர். எண்பது ஆண்டில் ஒரு கைவிரல்களுள் அடங்கிய தொகை பத்துப் பன்னிரண்டு ஆண்டில் இருநூற்றைம்பதாயிற்று. பல்கியது நோய் என்பதினும் காட்சி என்பதே பொருந்தும். தேடாத இடத்திலே ஒரு பொருள் இல்லை என்பது அறிவுடையார் கூற்றாகாது.

இனி, இந்நோயைப் பெயரிட்டு அறிவதால் விளையும் பயன் யாது? காய்ச்சல் எதுவாயினும் ஊசி மருந்து ஏற்றினாற் போதாதோ என ஒருவர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை இந்நோயின் இயல்பிலேயே உள்ளது. எலிக்காய்ச்சலுக்குப் பெனிசிலின் நன்மருந்து, செப்ட்ரயாக்சோனும் பயன்தரும். மெலியோய்டோசிஸ் கிருமியோ பெனிசிலினுக்குப் பணியாது. அம்பிசிலினுக்கும் ஜென்டமைசினுக்கும் பொதுவாகப் பணியாது. செப்ட்ரயாக்சோன் கொடுத்து நம்பியிருப்பதும் ஆபத்தே. பிற கிருமிகள் மருந்தோடு பழகிப் பழகி எதிர்க்கும் வன்மை பெற்றன. இதுவோ பிறவியிலேயே கவசம் அணிந்து வந்த கர்ணனைப் போன்றது. செப்டாசிடிம், மெரோபெனெம் முதலிய சில மருந்துகளே அக்கவசத்தை ஊடுருவுவன. அவற்றைப் பத்து முதல் பதினான்கு நாளேனும் நாளத்தின் வழியே ஏற்றி, அதன்பின் கோட்ரைமொக்சசோல் மாத்திரையை மூன்று திங்கள் அளவும் உட்கொள்ளச் செய்தல் வேண்டும்.

ஒரே வயல், ஒரே மாரி, ஒரே காய்ச்சல். இருவர் ஒரே நாளில் மருத்துவமனைக்கு வருகின்றனர். இருவருக்கும் ஒரே மருந்து ஏற்றப்படுகின்றது. ஒருவர் மூன்றாம் நாள் எழுந்து கஞ்சி குடிக்கின்றார். மற்றவர் மூன்றாம் நாள் மூச்சுத் திணறுகின்றார். மருந்து கொடுத்தவர் மேல் குற்றம் இல்லை. கண்ணாற் பார்த்து இவ்விரு நோயையும் வேறு பிரிக்க வல்லார் உலகில் ஒருவரும் இலர்.

ஏற்ற மருந்தின் ஆற்றலைத் தாய்லாந்து நாட்டு உபோன் இராச்சதானி நகரிலே நிகழ்ந்த ஆய்வு நிறுவிற்று. (இராசதானி என்னும் நம் சொல்லே அந்நகரின் பெயரில் அமர்ந்திருத்தலைக் காண்க.) 1989இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, பழைய மருந்துக் கூட்டினைப் பெற்ற கடும் நோயாளருள் நூற்றுக்கு 74 பேர் இறந்தனர், செப்டாசிடிம் பெற்றாருள் 37 பேர் இறந்தனர். ஒரு மருந்தின் பெயரை மாற்றிய அளவிலே இறப்பு பாதியாய்க் குறைந்தது. அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரிலோ, 1989 முதல் முப்பது ஆண்டு தொடர்ந்து நோயாளரைக் கணக்கெடுத்தனர். முதல் ஐந்தாண்டில் நூற்றுக்கு 31 ஆயிருந்த இறப்பு கடைசி ஐந்தாண்டில் 6 ஆயிற்று. விரைந்து ஐயுறுதலும், விரைந்து தெளிதலும், தீவிர சிகிச்சையும் சேர்ந்து விளைத்த பயன் இது.

கிருமியைத் தெளிதற்குரிய வழி யாது என்பதை இனி நோக்குவாம். மருந்து தொடங்குமுன் நோயாளியின் குருதியை எடுத்து ஊட்டப்பொருள் நிறைந்த குப்பியிலே இடுவர். உடற்சூட்டளவிலே வைத்த அக்குப்பியுட் கிருமி வளர்ந்து தன் இருப்பைக் காட்ட ஒரு நாளோ இரு நாளோ செல்லும். பின்னர் அதனை வளர்தட்டிலே விதைத்து, முளைத்த திரளைப் பெயரறிய மற்றொரு நாள். எம்மருந்துக்கு அது மடியும் என்று மருந்து தோய்ந்த சிறு வட்டத் தாள்களை வைத்து அறிய இன்னுமொரு நாள். இவ்வட்டத்தாள் முறை 1966இல் ஒழுங்குபடுத்தப்பட்டு இன்றளவும் உலகெங்கும் கையாளப்படுவது. குற்றமற்ற முறைதான்; எனினும் மூன்று நான்கு நாட்களை உண்பது. பழக்கமில்லாத கண்ணுக்கு மெலியோய்டோசிஸ் கிருமி, மாசாகப் புகுந்த வேறோர் எளிய கிருமி போலத் தோன்றுதலும் உண்டு. அங்ஙனம் தோன்றின் அது குப்பைக்குப் போகும். நோயாளியின் விடையும் அதனோடு போகும்.

குருதியிற் கிருமி பெருகி இரத்த அழுத்தம் வீழ்ந்த நிலையிலே காலத்தின் விலை எத்துணை என்பதை ஆனந்த் குமார் என்பாரும் அவர்தம் துணைவரும் 2006இல் கணக்கிட்டு வெளியிட்டனர். அந்நிலை தொடங்கிய முதல் ஆறு மணி நேரத்துள், ஏற்ற மருந்தின்றிக் கழியும் ஒவ்வொரு மணிக்கும் பிழைப்போர் தொகை சராசரி 7.6 விழுக்காடு குறைந்தது. நாட்கணக்கில் வரும் விடைக்கும் மணிக்கணக்கில் வரும் மரணத்திற்கும் இடையே ஓடும் பந்தயத்திலே வெல்பவர் யார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விடைவெளியைச் சுருக்கவே விரைவுச் சோதனைகள் தோன்றின. மெலியோய்டோசிசுக்கென அமைந்த ஒன்று, கருவுற்றமையை அறியப் பெண்டிர் பயன்படுத்தும் சோதனைப் பட்டிகையை ஒத்தது. கிருமியின் மேற்போர்வையிலுள்ள சர்க்கரைப் பொருளைப் பற்றும் எதிர்ப்பொருள் அப்பட்டிகையிலே தடவப்பட்டிருக்கும். துளியிட்டுப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கோடு தோன்றினால் நோய் இல்லை. இரு கோடு தோன்றினால் நோய் உண்டு. மின்பொறியும் வேண்டா, குளிரூட்டிய அறையும் வேண்டா.

ஆயின், இவ்விடத்தே ஒரு குறையைச் சொல்லாது விடுதல் முறையன்று. இக்கிருமி குருதியிலே மிக அருகியே மிதப்பது. ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஒன்றிரண்டு கிருமிகளே இருத்தலும் உண்டு. ஆதலின் நோயாளியின் குருதியை நேரே பட்டிகையில் இட்டால் உண்மை நோயாளர் பலரை அது தவறவிடும். சீழிலும் சிறுநீரிலும் இடின் அதனினும் நன்று. குப்பியிலே கிருமி வளர்ந்து காட்டியவுடன் அக்குப்பியிலிருந்து எடுத்து இடுவதே மிகச் சிறந்தது. அந்நிலையில் அது பிழைபடுவது அரிது. ஆக, பட்டிகை குப்பியை நீக்கவில்லை. குப்பிக்குப் பின் கழியும் நாட்களை நீக்கிற்று. கோடு தோன்றாமை நோயின்மைக்குச் சான்றாகாது என்பதையும் மருத்துவர் மறத்தலாகாது. பட்டிகை கிடையாத ஆய்வுகூடத்துக்கும் ஒரு வழியுண்டு: ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் பணியாது, கோ-அமொக்சிகிளாவுக்கு மட்டும் பணியும் கிருமியைக் கண்டால் இதனை ஐயுறுக என்பது அது. மாலை வாடுதலும் கண் இமைத்தலும் போன்ற அடையாளங்கள் இங்கும் உள்ளன; காணும் பயிற்சியே வேண்டும்.

சேற்றுக்கு அஞ்சினாற் போதாது. மருத்துவமனைக் கட்டிலுக்கும் அஞ்ச வேண்டிய காலம் இது. 2008இல் சுவீடன் நாட்டிலே, புதுடில்லியில் மருத்துவம் பெற்று மீண்ட ஒருவரிடம் காணப்பட்ட கிருமி, கடைசிப் புகலிடமாகிய கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் நொதியம் உடையதாயிருந்தது. அந்நொதியத்திற்கு என்.டி.எம்.-1 எனப் பெயரிட்டனர். அது இந்திய உபகண்டத்திலே பரவியிருத்தலை 2010இல் உலகறியச் செய்த ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. நகரின் பெயரை நோய்க்கு ஏற்றலாமா என்று பெரும் வழக்கு எழுந்தது. வழக்கு ஓய்ந்தபின், 2012இல் சென்னையிலேயே மருத்துவர் பலர் கூடி, கிருமிகொல்லி மருந்துகளை வரைமுறையின்றி வழங்குவதைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தனர்; சென்னைப் பிரகடனம் என அது வழங்கும். இந்நொதியத்தையும் அதன் உறவான வேறு சிலவற்றையும் பதினைந்து நிமிடத்தில் வேறு பிரித்துக் காட்டும் பட்டிகைகளும் இன்று உள்ளன.

மருந்தைத் தெரிந்து கொடுப்பதன் பயனை 2018இல் வெளியான மற்றொரு சோதனையும் காட்டிற்று. செப்ட்ரயாக்சோனை எதிர்க்கும் கிருமி குருதியிற் புகுந்த நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மெரோபெனெமும், மற்றைக் கூற்றார்க்குப் பிப்பரசிலின்–ராசோபக்ராமும் கொடுத்தனர். முப்பது நாளுள் முன்னையோருள் இறந்தார் நூற்றுக்கு 3.7, பின்னையோருள் 12.3. இரண்டும் நல்ல மருந்துகளே. எனினும் எது எவர்க்கு என்பதில் உயிர் தங்கியிருக்கின்றது. அதற்காக எல்லார்க்கும் மெரோபெனெமே கொடுப்போமெனின், அம்மருந்தும் விரைவில் மழுங்கும். பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்ற உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்பார் கிருமிக்கு எதிர்ப்பைக் கற்பிப்பார் என எச்சரித்தார். ஆகவே விரைந்து தெளிதல் ஒருவரைக் காப்பதோடு நில்லாது, மருந்தையும் காப்பதாகும்.

கருவி வந்தாற் போதுமோ எனின், போதாது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்திலே நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், விரைவுச் சோதனை கிருமியின் பெயரை ஏறத்தாழ இருபத்திரண்டு மணியிலிருந்து ஒன்றரை மணிக்கும் குறைந்த நேரத்திற்குச் சுருக்கிற்று. மருந்தும் விரைவில் திருத்தப்பட்டது. இறப்புத் தொகையிலே வேறுபாடு காணப்படவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் எழுதியோர், சோதனையின் விடையைப் பெற்று உடனே மருந்தை மாற்ற வல்ல குழு உள்ளவிடத்தே உயிர்ப்பயன் தெளிவாய்த் தெரிந்தது என்றும், அது இல்லாதவிடத்தே அங்ஙனம் தெரியவில்லை என்றும் கண்டனர். நள்ளிரவிலே தோன்றிய இரு கோட்டைக் காலையில் வந்து பார்ப்பாராயின் பதினைந்து நிமிடச் சோதனையும் எட்டு மணிச் சோதனையே. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவான் என்னும் நான்கினையும் ஒருங்கு வைத்து மருத்துவம் என்றார் வள்ளுவர். பட்டிகை மருந்தின் கூற்றைச் சாரும்; மற்றை மூன்றையும் அது தராது.

இனி நாம் செய்யத்தக்கன யாவை? உழவர் புண்ணை மூடிக்கட்டியும், இயன்றவிடத்து நீண்ட இறப்பர்ச் சப்பாத்து அணிந்தும் சேற்றில் இறங்குதல் நன்று. நீரைக் காய்ச்சிப் பருகுதல் வேண்டும். நீரிழிவு உடையார் மாரிகாலக் காய்ச்சலை வீட்டிலே வைத்துக் கைமருந்து பார்த்தல் தகாது. மருத்துவமனைக்குச் சென்று, கேளாமுன்னரே 'நான் வயலில் வேலை செய்பவன், எனக்கு நீரிழிவு உண்டு' என்னும் இரண்டையும் சொல்லல் வேண்டும். அவ்விரு சொற்கள் மருத்துவர் உள்ளத்தே ஐயத்தை எழுப்பும். ஐயம் எழுந்தாலன்றித் துணிவு பிறவாது. மருத்துவமனையார் மருந்துக்கு முன் குருதியைக் குப்பியிலே எடுக்கும் வழக்கத்தைக் கைவிடாதிருத்தல் வேண்டும். அரசு, நெல் விளையும் மாவட்டத்து மருத்துவமனைகளிலே குப்பியும் பட்டிகையும் இரவிலும் அவற்றைப் பார்க்கும் ஆளும் இருக்கச் செய்தல் வேண்டும். நோய் அரிதாயிற்றே, செலவு எதற்கு என்பார்க்கு, தேடுமுன் ஐந்தும் தேடியபின் இருநூற்றைம்பதுமாகிய கணக்கே விடை.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு கடமையுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் இருந்து கிறீன் வைத்தியர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். பின்னர் விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்திற்குத் தோள் கொடுத்தார். அவர் காட்டிய நெறியிலே, சோதனைத் தாளிலுள்ள செய்தி நோயாளிக்கும் அவர் மனைவி மக்களுக்கும் விளங்கும் தமிழில் சொல்லப்படல் வேண்டும். மூன்று திங்கள் மாத்திரை ஏன் என்று விளங்காதவர், காய்ச்சல் தணிந்த மூன்றாம் வாரமே அதனை நிறுத்துவர். நிறுத்தினால் நோய் மீளும். அதனை விளங்கச் சொல்லுதல் மருத்துவத்தின் புறத்ததன்று. மருந்தின் ஒரு பாகமேயாம். பெரும்போக விதைப்புக்கு முன், ஊர்ப் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்கப்படுமாயின், மாணவர் வாயிலாக அச்செய்தி வயலுக்குச் செல்லும். அதற்குப் பொருட்செலவு ஏதும் இல்லை, இவ்வாண்டே தொடங்கலாம்.